சுகர் கிளினிக்கில் நான் சொன்னதும் அவர்கள் கேட்டதும்

சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸ் வேலை என்பது பாதி ஊசி, பாதி பேச்சு. ஊசி போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும். பேச்சுதான் பாதி வழியில் வேறு ஊருக்கு பஸ் ஏறிவிடும். முதலில் தச்சநல்லூர், இப்போது முக்கூடல் பக்கம் என்று பதினான்கு வருஷமாக எனக்கு இதே பாடு. நீங்கள் நர்ஸாக இருந்தாலும் சரி, நர்ஸிடம் ஏச்சு வாங்குகிறவராக இருந்தாலும் சரி, இந்த விஷயத்தில் நாமெல்லாம் ஒரே கட்சி.

தாளில் இல்லாதது

எங்கள் பக்கம் நோய்க்கே பெயர் சீனி வியாதி. அதனால் சீனியை விட்டால் வியாதியும் விட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். சாத்தான்குளத்திலிருந்து மகள் வீட்டில் வந்து தங்கியிருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சியும் அப்படித்தான். சீனியைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்றார். மெஷின் முந்நூறைத் தாண்டி நின்றது. துருவித் துருவிக் கேட்டதில் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கருப்பட்டிக் காப்பி என்று தெரிந்தது. நான் விட்டேனா? சீனி, வெல்லம், கருப்பட்டி, கல்கண்டு, தேன் என்று ஒரு தாளில் எழுதி, அவரையே சத்தமாக வாசிக்க வைத்து அனுப்பினேன்.

அடுத்த மாதம் சிரித்த முகத்தோடு வந்தார். தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. மெஷின் மறுபடியும் முந்நூறு. மகள்தான் பைய விஷயத்தைச் சொன்னாள்: நடுவில் மூன்று வாரம் அப்பா ஊருக்குப் போயிருந்தார், அங்கே பதனீர்க் காலம், தினமும் காலையில் பனையோலையில் மடித்த பட்டையில் ரெண்டு பட்டை குடித்திருக்கிறார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தாளை என் மேஜையில் விரித்து, கருப்பட்டி என்ற வரியில் விரலை வைத்தார்.

“பதனி இன்னும் கருப்பட்டி ஆவலியே சிஸ்டர்.”

டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜ்

ஜெபமணி டீச்சர் பாளையங்கோட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு தச்சநல்லூரில். இன்சுலின் தொடங்கிய நாளிலிருந்து அளவு, நேரம் எல்லாம் நோட்டுப் போட்டு எழுதுவார். அவரைக் காட்டித்தான் மற்றவர்களை ஏசுவேன். ஆனால் சுகர் மட்டும் இறங்கவில்லை. டாக்டர் இரண்டு தடவை அளவைக் கூட்டினார். கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று டீச்சர் சொன்ன அன்று எனக்குப் பொறுக்கவில்லை. டூட்டி முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

ஊசி போடுவதைச் செய்து காட்டச் சொன்னேன். டீச்சர் ஃபிரிட்ஜைத் திறந்து, மேலே ஐஸ் உறைகிற அறைக்குள் கையை விட்டு, வெள்ளை பூத்த மருந்துக் குப்பியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருக்கித்தான் தினமும் போட்டிருக்கிறார். உறைந்த இன்சுலின் வீரியம் போன இன்சுலின். காரணம் பிடிபட்டுவிட்டது. அடுத்த நிமிஷமே வெட்கம். ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று சொன்னது நான். எந்தத் தட்டில் என்று சொல்லாததும் நான். டாக்டரிடம் ஓடி, கூட்டின அளவைக் குறைக்கச் செய்து, புதுக் குப்பியைக் கீழ்த்தட்டில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

ரெண்டு வாரம் கழித்து டீச்சர் நோட்டை விரித்துக் காட்டினார். எண்கள் படியிறங்கி வந்திருந்தன. சந்தோஷத்தில் இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். அன்றைக்கே புரியவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“முப்பது வருஷம் பிள்ளைகள்ட்ட ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டேன், எல்லாரும் ‘புரிஞ்சுது’ன்னுதான் சொல்லுவாங்க. நீங்களும் அதையேதான் கேட்டீங்க, நானும் அதையேதான் சொன்னேன்.”

அடையாளம்

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் வாசல்வரை நிற்கிறது. என் போன் அடித்தது. மாடசாமி என்ற விவசாயத் தொழிலாளியின் மனைவி இசக்கியம்மாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று மாடசாமி காலையில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, சாப்பிடாமல் வயலுக்குப் போயிருக்கிறார். பத்து மணிக்கு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆட்கள் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். சட்டை நனைய வேர்வை, கை நடுக்கம், பேச்சில் குழறல். சுகர் தரைக்கு இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. விழுங்க முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது என்றாள். உடனே நாலு ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடு என்றேன்.

அவளோ, யார் பேசுவது என்று கேட்டாள். என் பேரைச் சொன்னேன், ஆஸ்பத்திரியைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நேரம் ஓடுகிறது, வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள். போன மாதம் கல்யாண வீட்டில் ரெண்டு தடவை பாயசம் வாங்கியதற்காக மாடசாமியை அவள் முன்னால் ஏசியிருந்தேன். அதே ஏச்சை, வரி மாறாமல், போனில் திரும்ப ஏசினேன். அதற்கப்புறம்தான் டம்ளரில் கரண்டி சுற்றுகிற சத்தம் கேட்டது.

போனை வைக்கவேயில்லை. கால் மணி நேரத்தில் மாடசாமியே வாங்கி, பசிக்கிறது என்றார். நான் அதைச் சொன்னதும் வரிசை முழுக்கக் கை தட்டியது. சோறு சாப்பிட வைத்து ஆட்டோவில் கூட்டி வந்த இசக்கியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க வாயால சீனி குடுன்னு வருமா? எவளோ வெளையாடுதான்னுல்லா நெனச்சேன்.”

பத்து இடம்

முக்கூடல் பக்கம் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். பேச்சியக்கா அவர்களில் ஒருவர். கால் எப்படி இருக்கிறது என்று கேட்பேன், நன்றாக இருக்கிறது என்பார், அட்டையில் அப்படியே எழுதிவிடுவேன். ஒரு நாள் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு என் அறைக்குள் வந்தார். இன்னொன்று வாசலில் கிடந்தது. கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். நைலான் இழையால் பாதத்தில் தொடும்போதெல்லாம் ‘ஆமா’ சொல்லுங்கள் என்றேன். பெருவிரல், குதிகால் என்று பத்து இடம் தொட்டேன். சத்தமில்லை. விரலிடுக்கில் ஒரு முள், சுற்றிலும் சீழ். அக்கா கண்ணை மூடியபடியே, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தோம். விரல் தப்பியது, புண்ணும் ஆறியது.

பிறகு ஒரு நாள் அவர் தெருவுக்குப் போனேன். பீடித்தட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, ஏழெட்டுப் பெண்கள் காலை நீட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியக்கா பீடி கட்டுகிற நூலை முறுக்கி ஒவ்வொரு பாதமாகத் தொட்டுக்கொண்டே போகிறார். அது சரியான கருவி இல்லைதான். ஆனால் அதுவரை அந்தத் தெருவில் அக்காவைத் தவிர ஒருத்திகூட எனக்குக் காலைக் காட்டியதில்லை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அக்கா இரண்டு பேரை என் பக்கம் தள்ளி உட்கார வைத்தார்.

“இவளுவ ரெண்டு பேருக்கும் தெரியல தாயி. நல்லாருக்கான்னு கேக்காதிய, தொட்டுப் பாருங்க.”

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்ல எங்களுக்கு மெஷின் தந்திருக்கிறார்கள்; நாங்கள் சொன்னதில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று காட்டுகிற மெஷின் மட்டும் இன்னும் சப்ளையில் வரவில்லை.