மாப்பிள்ளையின் பின்சக்கர டியூப்

என் பீரோவின் அடித்தட்டில், போர்வைக்கு அடியில், ஒரு சைக்கிள் டியூப் இருக்கிறது. என் தங்கை கணவருடைய பேட்டரி சைக்கிளின் பின்சக்கரத்தில் இருந்தது.

சிதம்பரத்துக்குப் பேட்டரி சைக்கிள் புதிதாக வந்திருந்த சமயம். மாப்பிள்ளை மாரடைப்பிலிருந்து அப்போதுதான் தேறியிருந்தார். சைக்கிள் மிதிக்கக் கூடாது, பளு தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிள்ளைப் பக்கம் இறால் பண்ணையில் கணக்கு எழுதும் வேலையை விடவும் வழியில்லை. மகள் அண்ணாமலை நகரில் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் வாங்கியதுதான் அந்த வண்டி. ஆனால் கிள்ளைச் சாலை நெடுக, சீமைக்கருவேல விறகு ஏற்றிய டிராக்டர்கள் முள்ளை உதிர்த்துக்கொண்டே போகும். மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருந்ததால், வழியில் பஞ்சரானால் ஒயரைப் பார்த்ததுமே கடைக்காரர்கள் முடியாது என்றுவிடுவார்கள். அவ்வளவு கனத்தையும் தள்ளித்தான் வர வேண்டும். எனக்குத் தூக்கம் போனது.

மேலவீதிக் கடையில் காற்றே அடிக்க வேண்டாத கெட்டி டயரைக் காட்டினார்கள். முள் ஏறாது, ஆனால் உடம்பைக் குலுக்கும், சார்ஜும் சீக்கிரம் தீரும். கடைசியில் தடித்த டயரும் கனத்த டியூபும் என்று முடிவானது. டயரின் மேடுகளை நான் ஒவ்வொன்றாக எண்ணுவதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார்.

"எண்ணி முடிச்சிட்டீங்களா மச்சான்? முள்ளு என்ன எண்ணிப் பாத்தா குத்துது?"

தங்கைக்கு அது போதவில்லை. பழைய டியூப் ஒன்றைக் கத்தரியால் நீளமாக வெட்டி என்னிடம் கொடுத்தாள். "இதையும் டயருக்குள்ள வச்சி மாட்டச் சொல்லுண்ணே. மெத்தை மாதிரி கெடக்கும்." எங்கள் பக்கம் பல சைக்கிள்களில் அப்படி வைப்பதுண்டு. வைத்தோம்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவர் வரவில்லை. டவுன் பஸ்ஸில் தேடிப்போனேன். சாலையோர மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். மழை இல்லை, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் மேலவீதிக் கடையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். டயரின் உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு முள்கூட இல்லை. தங்கை வெட்டிக் கொடுத்த பட்டையின் ஓரம் மடங்கி, நாள்பட உரசி, டியூபைக் கோடு போட்டதுபோல் அறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் தங்கை வெந்நீர் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார்.

"முள்ளுன்னே சொல்லுங்க மச்சான். பெரிய முள்ளுன்னு சொல்லுங்க. அவ தாங்க மாட்டா."

சொன்னேன். பட்டை இல்லாமல் இரண்டு வருடம் ஓட்டினார். பிறகு ஒரு விடியற்காலையில், வீட்டிலேயே, போய்விட்டார்.

போன மாதம் அவர் மகள், கடலூரில் வேலைக்குப் போய்வர, மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். தங்கை அதன் டயரை அழுத்திப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு வெட்டிக் குடுத்த மாதிரி ஒண்ணு வெட்டித் தரேன்டி."

"இதுல டியூபே கெடையாதும்மா. நீ வேற."

"அன்னிக்கு அந்தப் பட்டையையே தாண்டிடுச்சே. எம்மாம் பெரிய முள்ளு, இல்லண்ணே?"

இரண்டு விரலை விரித்து நீளம் காட்டினேன். வருடத்துக்கு வருடம் அந்த முள் வளர்ந்துகொண்டே வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். கோடு போட்ட அந்த அறுப்போடு டியூப் இருந்தது. எறிந்துவிடலாம் என்று பலமுறை வாசல்வரை கொண்டுபோயிருக்கிறேன். அவர் மூச்சிரைக்கத் தள்ளி வந்தது என்ற நினைப்பில் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். எனக்கு எழுபத்தெட்டு ஆகிறது. நான் போன பிறகு இந்தப் பீரோவை ஒழிக்கப் போகிறவள் தங்கைதான்.