எட்டாம் ஆண்டில் ஃபிரெடியின் முகம்

என் அத்தான் ஏனோக் செகந்திராபாத்தில் ரயில்வே அலுவலகக் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைக்கு வீடியோ எடிட்டர். எதிலும் இரண்டு பிரதி இருந்தால் அவருக்கு ஆகாது. அலுவலக அலமாரியிலும் கணினியிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த வாரம், அவருடைய தம்பி ஃபிரெடியின் எட்டாம் ஆண்டு நினைவு ஆராதனை வந்தது. கட்டம் போட்ட சட்டையில் ஃபிரெடி நின்று பாடும் நான்கு நிமிட வீடியோவை வருடாவருடம் சபையில் போடுவார்கள். போன வருட வீடியோவைத் திறந்து, தலைப்பில் ஆண்டை மாற்றி, புது வேத வசனம் சேர்த்து, அதே பெயரில் சேவ் செய்வது அத்தானின் வழக்கம்.

இந்த முறை திறந்ததும் என் அக்கா பியூலா கேட்டாள்.

"ஏங்க, தம்பிக்குக் கண்ணு எங்க?"

சட்டையில் கட்டங்கள் கரைந்துபோயிருந்தன. முகத்தில்தான் சதுரம் சதுரமாக இருந்தது.

"பழசாயிட்டுல்லா. போட்டோ மஞ்சளாகுற மாதிரி."

"வீடியோ பழசாகாது அத்தான். ஒவ்வொரு தடவ சேவ் பண்ணும்போதும் வீடியோவச் சுருக்குற முறை, அதான் கோடெக், படத்துல கொஞ்சத்தத் தூக்கிப் போட்டுரும்."

"நான் ஒண்ணையும் டெலிட் பண்ணலியே!"

கோடெக் பட்டியலில் முதலில் இருந்த ஹெச்.264-ஐத்தான் அவர் ஏழு வருடமும் அழுத்தியிருக்கிறார். கோப்பு சின்னதாகி வாட்ஸப்பில் போகுமாம். எனக்கும் அரைகுறைதான். எடிட்டிங்குக்கு புரோரெஸ் நல்லது என்று பயணத்தில் யாரோ சொன்னதை நம்பி அதில் மாற்றினேன். கோப்பு ஆறு ஜிபி ஆனது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓட்டினோம். அதே முகம்.

"உலகம் சுத்திட்டு வந்து இதத்தான் படிச்சியாட்டி? இத்தன பெருசாகியும் கண்ணு வரலியே."

"போனது வராது அத்தான். இனிமே போகாம இது பாத்துக்கிடும்னு நினைக்கேன்." சொல்லும்போதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஃபிரெடியைப் படம் பிடித்த கேமரா கார்டை அத்தான் அடுத்த வாரமே ஒரு கல்யாணத்துக்காக அழித்திருந்தார். அக்காவுக்குத்தான் நினைவு வந்தது: முதல் வருட வீடியோவைப் பென்டிரைவில் போட்டு ஃபிரெடியின் மனைவி சுப்ரியாவிடம் கொடுத்திருந்தாள். ஆட்டோ பிடித்து அவள் வீடு இருந்த மௌலா அலிக்குப் போனோம். சுப்ரியா அதை டிவியில் சொருகினாள். கட்டம் போட்ட சட்டை. வியர்த்த நெற்றி. கண்கள். அத்தான் டிவிக்கு ஒட்டினாற்போல் போய் நின்றார்.

அங்கேயே அதை அப்படியே மூன்று பிரதி எடுக்கச் சொன்னார்.

"தலைப்ப மட்டும் மாத்திருவோமா அத்தான்? புரோரெஸ்ல சேவ் பண்ணா ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணுமே ஆகாதா, கொஞ்சம் ஆகுமா?"

எனக்குத் தெரிந்தவரை ஆகாது என்றேன்.

"தெரிஞ்சவரைக்கும்தானே? நக்கோ, வேண்டாம். தொடாத."

ஞாயிறன்று பியூலா இந்த வருட வசனத்தை நின்று வாசித்தாள். திரையில் 'முதலாம் ஆண்டு நினைவு' என்று வந்தது. முன்வரிசை மூப்பர் திரும்பினார்.

"ஏனோக், வருஷம் தப்பா இருக்குப்பா."

"ஹவ், ஆமா ஐயா, தெரியும்," என்றார் அத்தான், திரையை விட்டுக் கண் எடுக்காமல்.