கட்டித் தொங்கவிட்ட மாம்பழங்கள்

மே மாதத்து ஞாயிறு. காலை ஆறரை மணிக்கு மல்காஜ்கிரியிலிருந்து புறப்பட்டோம். நான், மனைவி சுஜா, ஒன்பது வயது மகள் யாழினி. "மரத்திலிருந்து நீங்களே பறிக்கலாம்" என்று விளம்பரம் செய்திருந்த அந்த மாந்தோப்பு ஷாமீர்பேட்டையைத் தாண்டி, எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். இரண்டு கிலோ பழமும் காலைச் சிற்றுண்டியும் அதில் அடக்கம். மாம்பழத்தை மரத்தில் பார்த்தேயிராத யாழினி, முதல் நாளே ஒரு துணிப்பையில் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

வாடகைக் கார் ஓட்டுநர் யாதகிரி, போகிற இடத்தைக் கேட்டதும் உருது கலந்த தக்கணி இந்தியில் சொன்னார்: "வியாழக்கிழமை அந்தப் பக்கம் ஆலங்கட்டி மழை சார். பேய்க்காத்து. மரத்துல ஏதாவது இருக்கான்னு கேட்டீங்களா?"

"நேத்துதான் போன் பண்ணேன். எல்லாம் இருக்கு, வாங்கன்னாங்க."

"ஹவ்," என்று ஆமாம் போட்டார். வண்டியைக் கிளப்பினார்.

எட்டு மணிக்குத் தோப்பில் இருந்தோம். பந்தலுக்குக் கீழே இட்லியும் உப்புமாவும். எங்களுக்கு முன்பே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. மரங்களில் பங்கனப்பள்ளிப் பழங்கள், மஞ்சள் மஞ்சளாக, எல்லாம் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில். மேல்கிளைகளில் இலைகூடச் சரியாக இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

யாழினி முதல் பழத்தை இழுத்தாள். வரவில்லை. காம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இக்கட தாரம் உந்தி," என்றாள். இங்கே நூல் இருக்கிறது என்று தெலுங்கில் சொல்கிறாள். பச்சை நைலான் நூலால் காம்பைக் கிளையோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சுஜா நூலை அறுத்துப் பழத்தைத் திருப்பிப் பார்த்தாள். மாம்பழம் விளையும் சேலத்துக்காரி அவள்.

"பாலே வரல. காம்பு காஞ்சு கருத்துக் கெடக்கு. சந்தையில வாங்கிட்டு வந்து கட்டியிருக்கானுங்க!"

அடுத்தடுத்த மரங்களையும் பார்த்தோம். எல்லாமே கட்டியவை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வேகமாக வந்தார். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர். மழையில் மொத்தமும் கொட்டிவிட்டதாக இந்தியில் சொன்னார். முன்பதிவு செய்தவர்களை ஏமாற்றக் கூடாதென்றுதான் இந்த ஏற்பாடாம்! நான் வாய் திறப்பதற்குள் குனிந்து, யாழினியின் பையில் இன்னொரு பழத்தைப் போட்டார்.

"பாப்பா, மத்த பசங்ககிட்ட சொல்லக் கூடாது. சரியா?"

அதுவரை எனக்கு இருந்தது ஏமாற்றம்தான். அந்த வார்த்தையில்தான் கோபம் தலைக்கேறியது. அவருடைய பொய்யைச் சுமக்க என் பிள்ளைக்குக் கூலி ஒரு மாம்பழமா? பழத்தை எடுத்து அவர் கையிலேயே திணித்தேன்.

"மழையில போச்சுன்னு நேத்து போன்ல சொல்லியிருந்தா நான் கோவிச்சிருப்பேனா? எம் பொண்ண எதுக்குப் பொய் சொல்லச் சொல்றீங்க?"

"பசங்க சந்தோஷமாத்தானே இருக்காங்க சார்?"

யாழினி என்னைப் பார்த்தாள். "சொல்லலாமா அப்பா?"

"தாராளமாச் சொல்லு."

பக்கத்து மரத்தடியில் அவள் வயதுப் பையன் ஒருவன் கையில் பழத்தோடு நின்றான். அவனிடம் போய்ச் சொன்னாள். அவனைப் படமெடுத்துக்கொண்டிருந்த அவன் அம்மா கைப்பேசியை இறக்கினார்.

"எங்களுக்கும் தெரியும்மா. அவன் ஆசையா பறிக்கறான். நீ ஏன் கெடுக்கற?"

உண்மை சொன்ன குழந்தைக்குத் திட்டு. நூல் கட்டியவருக்கு அங்கே எல்லோரும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாழினி முகம் சுருங்கித் திரும்பி வந்தாள். அந்த அம்மாவிடம் நான் பேசியவற்றை இங்கே எழுத முடியாது. சுஜாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வேலியோரம் போனபோதுதான் மழையில் விழுந்த காய்களைப் பார்த்தோம். மார்பளவுக் குவியல். பாதி அழுகிப்போய், ஈ மொய்த்தது. மீதி அடிபட்டிருந்தாலும் கல்லு மாதிரி இருந்தது. மாட்டுக்குப் போடப்போவதாகவும் வேண்டுமானால் அள்ளிக்கொள்ளலாம் என்றும் காவலாளி சொன்னார். ஊரைக் கூப்பிட்டு இதைக் காட்டியிருந்தால் எத்தனை வீடுகளில் ஊறுகாய் ஆகியிருக்கும்! இயற்கை செய்த சேதத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இரண்டு சாக்கு நிறையப் பொறுக்கினோம். கட்டிய பழம் ஒன்றைக்கூட எடுக்காமல் பத்தரைக்குக் கிளம்பினோம். யாதகிரி சாக்குகளை டிக்கியில் ஏற்றினார். "நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதர்.

வீட்டில் அன்று முழுக்க அரிவாள்மணைதான். அடிபட்ட இடங்களைச் சீவி எறிந்துவிட்டு, நல்ல பாகத்தைத் துருவி சுஜா தொக்கு கிளறினாள். மீதியைக் கீற்றுப் போட்டு, உப்பும் மஞ்சளும் பிசிறி, மொட்டைமாடியில் வற்றலுக்குக் காயப்போட்டோம்.

மறுநாள் தோப்பிலிருந்து செய்தி வந்தது, ஐந்து நட்சத்திரம் கேட்டு. நடந்ததை அப்படியே அவர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதினேன். பத்து நிமிடத்தில் அடியில் ஒரு பதில்: "எங்கள் மகன் மிகவும் மகிழ்ந்தான். சிலருக்கு எதிலும் குறைதான்." அதே அம்மாதான், படத்தில் அடையாளம் தெரிந்தது. மொட்டைமாடிக்குப் போய் அதைச் சத்தமாக வாசித்தேன்.

வற்றலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த யாழினி நிமிர்ந்தாள்.

"ஜூட், அப்பா. அந்த ஆன்ட்டி சொல்றது பொய். நீங்க சாக்குல அள்ளும்போது அந்தப் பையன் என் பின்னாடியே வந்தான். நான் சொன்னது நிஜமான்னு கேட்டான். ஆமான்னேன். அவனோட பழப்பைய கீழ வெச்சுட்டு அவனும் பொறுக்கினான். நம்ம சாக்குல அவன் போட்ட காயும் இருக்கு."