நாலாம் நம்பர் ஆல்பம்

என் சித்தி பாட்டில் கழுவும் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். எட்டு மணி நேரமும் கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கும் சத்தம். வீட்டுக்கு வந்ததும் அதைக் காதிலிருந்து கழுவுவதற்கென்றே ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருக்கிறாள். மாப்பிள்ளை என்று வந்த ஒருவரிடம் என்ன பாட்டு கேட்பீர்கள் என்று விசாரித்தாளாம். எதுவானாலும் கேட்பேன் என்றாராம் அவர். அத்தோடு சரி. அம்மா இன்னும் அதைச் சொல்லிப் புலம்புவாள்.

வருடக் கடைசியில் தனக்குப் பிடித்த பத்து ஆல்பங்களை ஒரே தாளில் எழுதி, தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுவாள் சித்தி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. மூன்று தடவை முழுசாகக் கேட்காமல் ஒரு எழுத்து எழுத மாட்டாள். அங்கே சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் பத்தையும் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு ஒரு மாதம் அவளோடு சண்டை போடுவார். அவளுக்கு அதில்தான் உயிர்.

இந்த வருடம் நான் ஒரு வேலை பண்ணினேன். சித்தி தினமும் மேய்கிற இசை ரசிகர்கள் இணையதளத்தில் பொய்ப் பெயரில் நுழைந்து, உலகத்திலேயே இல்லாத ஒரு ஆல்பத்தைப் பற்றி எழுதி வைத்தேன். குழுவின் பெயர் ‘நனைந்த தீக்குச்சி’. இரண்டாவது பாட்டில் பாடுகிறவன் கிணற்றுக்குள் விழுந்து ஏணி கேட்பது போலப் பாடியிருக்கிறான் என்று அளந்துவிட்டேன். சித்தி தேடித் தேடிப் பைத்தியமாவாள், அப்புறம் சொல்லிச் சிரிக்கலாம் என்பது திட்டம்.

அவள் தேடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் கிடந்த தாளில் நாலாம் நம்பரில் உட்கார்ந்திருந்தது என் தீக்குச்சி. “இரண்டாவது பாட்டை மட்டும் பத்து தடவை கேட்டேன். கிணற்றின் அடியிலிருந்து ஒருவர் ஏணி கேட்கிற குரல்.”

முதலில் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு மற்ற ஒன்பதையும் அதே தளத்தில் தேடினேன். எல்லாம் யார் யாரோ எழுதியது, கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. டிவியில் செய்தி வாசிப்பவரின் வாயையே அவள் பார்த்துக்கொண்டிருப்பதும், என்ன கேட்டாலும் “ம்” என்பதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

விடிந்தால் தாள் சுவருக்குப் போய்விடும். அண்ணன் நாலாம் நம்பரைத் தேடுவார். கிடைக்காவிட்டால் மற்றதையும் கிளறுவார். அந்தச் சாப்பாட்டு அறையில் அவளுக்கென்று இருந்த ஒரே பேரும் போய்விடும்.

சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று சொன்னேன். திரும்பவில்லை. சுற்றிப் போய்க் குழாயை மூடிவிட்டு, முகத்துக்கு நேராக மறுபடி சொன்னேன்.

“நாலாவது ஆல்பமே கிடையாது சித்தி. நான் சும்மா அடிச்சு விட்டது.”

என் உதட்டைப் பார்த்தாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள்.

“மத்த ஒம்பதையும் நான் கேக்கல. இத ஒருத்தருமே கேக்கலயா? அப்ப இதுதான்டா நம்பர் ஒன்.”

காது டாக்டரிடம் ஏற்கெனவே போயிருக்கிறாளாம். போனது திரும்பாது என்று அவர் எழுதிக் காட்டினாராம். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்றாள். பாட்டையெல்லாம் நான் கேட்டுச் சொல்கிறேன், நீ எழுது என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன்.

“போடா. உனக்கு ரிங்டோனே நல்ல பாட்டுதான்.”

தாளை நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.

பட்டியல் எங்கே என்று மறுநாள் அண்ணன் கேட்டபோது, இந்த வருடம் எதுவும் தேறவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போன என்னை அவர் வாசலில் நிறுத்தினார்.

“இந்த வருசம் எதுவும் தேறலன்னு நானும் நெனச்சேன் தம்பி. உங்க சித்தி காதுக்குத் தப்புமா?”

ஆமாண்ணே என்றேன். தனக்குப் பிடித்திருந்த இரண்டு ஆல்பங்களையும் கைபேசியிலிருந்து அழித்துவிட்டதாகச் சொன்னார்.