ஃபேனைக் கழற்றியது நான்தான்

போன மாதம் மகளுக்கு லேப்டாப் வாங்க காட்பாடி ரோட்டில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போயிருந்தோம். கல்லூரியில் சேரப்போகிறாள். திறந்து வைத்த லேப்டாப்புகள் வரிசையாக இருந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் கூடவே வந்தார். நான் ஒன்றைத் தொட்டதுமே, "அது வேணாம் மேடம். அதுல அந்தப் பழைய கம்பெனி சிப்பு. ஜாஸ்தி சூடாவும். இப்ப அத யாரும் வாங்கறதில்ல" என்றார்.

எனக்குச் சத்தமாகவே சிரிப்பு வந்துவிட்டது. மகள் முறைத்தாள்.

"சூடாவும்னு உங்களுக்கு எப்டித் தெரியும் தம்பி?"

"எல்லாரும் சொல்றாங்க மேடம்."

அந்த 'எல்லாரும்' எங்கிருந்து வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் வேலூரில் அவர்களைத் தயாரித்து அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அன்றைக்கு இதே சிப்பைத்தான் விற்றோம். சூடாகும் என்று சொன்னது அதன் போட்டியாளரை.

அந்தக் கம்பெனி இப்போது விழுந்துகொண்டிருக்கிறதாம். ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், பங்கு விலை சரிகிறது, புதிய தொழிற்சாலைகளைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று செய்தி வருகிறது. ஒரு பேரரசு சாய்வதைப் போல உருகி உருகி எழுதுகிறார்கள். வேலை போனவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. கம்பெனிக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அம்மா நர்ஸ். நானும் நர்ஸாவேன் என்று நினைத்திருந்தாள். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். மதர்போர்டைப் பார்த்து யாரும் மயங்கி விழுந்ததில்லை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு வாசனை உண்டு. புதுத் தெர்மாகோல், சூடான தூசி, சிப்புக்கும் ஃபேனுக்கும் நடுவே தடவும் வெள்ளைப் பசை. அந்தப் பசை என் துப்பட்டாக்களில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அரக்கோணத்திலிருந்தும் காவேரிப்பாக்கத்திலிருந்தும் குடும்பத்தோடு வருவார்கள். யாரோ எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டை நீட்டுவார்கள். நாங்கள் ஒவ்வொரு பாகமாக எடுத்துக் காட்டிச் சேர்ப்போம். கடைசியில்தான் முக்கியமான கேள்வி வரும்.

"பெரியவன் போடட்டுமா, சின்னவன் போடட்டுமா?"

எங்கள் கடைப் பேச்சில் பெரியவன் என்றால் இந்தக் கம்பெனியின் சிப்பு. ஊரில் பத்துக் கம்ப்யூட்டர் இருந்தால் ஒன்பதில் அதுதான் இருந்திருக்கும். சின்னவன் அதன் ஒரே போட்டியாளர். அதே வேலையைச் செய்யும், விலை கம்மி. எங்கள் முதலாளி இரண்டையும் விற்றார். பிறகு பெரியவனுடைய ஏரியா மேனேஜர் சென்னையிலிருந்து வர ஆரம்பித்தார். ரவீந்தர் என்று பெயர். சித்திரை வெயிலிலும் டை கட்டியிருப்பார். எங்கள் கடை ஷெல்ஃபில் சின்னவனின் பெட்டி கண்ணில் பட்டால் சிரிப்பார். அடுத்த மாதம் எங்களுக்கு வரவேண்டிய சரக்கு தாமதமாகும். எதிர்க்கடைக்கு மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். இப்படி இரண்டு முறை நடந்ததும் முதலாளி சின்னவனின் பெட்டிகளை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்.

"அவனாண்ட நம்மால மோத முடியாதும்மா. பேஜாரு" என்றார்.

என்னோடு அங்கே வேலை பார்த்தவன் குணா. ஆம்பூர்க்காரன். என்னைவிட இரண்டு வயது இளையவன், அதனால் அக்கா என்பான். அவன் அப்பா தோல் பதனிடும் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். தோல் ஃபேக்டரிகளுக்கு விற்கும் கம்ப்யூட்டர்கள் ஏன் வருஷம் முடிவதற்குள் செத்துப்போகின்றன என்று எங்களுக்கெல்லாம் புரியாமல் இருந்தபோது, ஒரு மதர்போர்டை மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னவன் அவன்தான். "காத்துதான்க்கா. எங்கப்பாவோட வெள்ளி அர்ணாக்கொடி கறுத்துப் போற அதே காத்து. உள்ள இருக்கற செம்பையெல்லாம் தின்னுடுது."

பெட்டிகள் உள்ளே போனதும் குணா வேலையை விட்டுவிட்டான். ஆம்பூரில் பைபாஸ் ஓரமாகச் சின்னதாக ஒரு கடை போட்டான். சின்னவனை மட்டும்தான் விற்பேன் என்று பிடிவாதம். கடையைத் திறந்த அன்றைக்கு நான் போய் ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்தேன். இன்னொரு முனையைப் பிடித்தது அவன் அம்மா.

அந்த வருஷம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி நாற்பது கம்ப்யூட்டர் வாங்க முடிவு செய்தது. குணா அவர்களிடம் ஒரு யோசனையோடு போனான். சின்னவனைப் போட்டால் விலை குறையும், மிச்சமாவதில் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே அறையில் வைத்து, காற்றுப் புகாமல் அடைத்து ஏசி போட்டுவிடலாம், போர்டு கறுக்காது. அந்தக் கம்பெனியின் மேனேஜர் விஷயம் தெரிந்தவர். அவருக்கு அது பிடித்திருந்தது. கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று குணா எனக்கு ஃபோன் செய்தான். "ஆர்டர் வந்துட்டா உனக்கு ஒரு சேலை, என் செலவு" என்றான்.

நான் கடையில் வாய்விட்டுச் சொன்னேனா, முதலாளிக்கு வேறு வழியில் தெரிந்ததா, இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. நான்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். சந்தோஷம் வந்தால் அடக்கத் தெரியாத வாய் எனக்கு.

ஒரு வாரத்தில் ரவீந்தர் வந்தார். ஷூ கம்பெனி மேனேஜரை எங்கள் கடைக்கே வரவழைத்தார். மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்களைத் திறந்த நிலையில் வைக்கச் சொன்னார். ஒன்றில் பெரியவன், இன்னொன்றில் சின்னவன். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து, "மேடம், ரெண்டுத்தோட ஃபேனையும் கழட்டுங்க" என்றார்.

ஓடுகிற சிப்பின் தலையிலிருந்து ஃபேனை யாரும் கழற்றுவதில்லை. எனக்கு அது தெரியும். முதலாளி என்னைப் பார்த்தார். பெரியவனின் ஃபேனை, சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கட்டையோடு தூக்கினேன். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது, வேறொன்றும் ஆகவில்லை. சின்னவனின் ஃபேனைத் தூக்கினேன். சில நொடிகளில் புகை வந்தது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் கடை முழுக்கப் பரவியது.

ரவீந்தர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஷூ கம்பெனி மேனேஜர் என்னிடம் திரும்பினார். "நீ டெக்னீஷியன். நீ சொல்லும்மா. ஃபேக்டரில ஓடறப்ப இது இந்த மாதிரி எரிஞ்சிடுமா?"

எரியாது சார், ஃபேன் இருக்கிறவரைக்கும் எரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சூடேறினால் தானே நின்றுவிடும் வசதி பெரியவனில் இருந்தது, சின்னவனில் அப்போது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். முதலாளி பேனா மூடியைத் திருகிக்கொண்டே நின்றிருந்தார்.

"ஆமா சார்" என்றேன்.

நாற்பது கம்ப்யூட்டர்களும் எங்கள் கடைக்கு வந்தன. மறுநாள் காலை கடை திறந்தவுடன் குணா வந்தான். முதலாளி அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவரை அவன் பார்க்கவே இல்லை.

"ஃபேன கழட்டிட்டு யாருக்கா கம்ப்யூட்டர் ஓட்டுவாங்க?"

"குணா, வெளிய வா, பேசலாம்."

"இன்னா பேசறது? இங்கயே சொல்லு. எரிஞ்சிடும்னு நீ சொன்னியா இல்லியா?"

நான் தரையைப் பார்த்தேன். அவன், "ரவீந்தர் சொல்லியிருந்தா அந்தாளு நம்பியிருக்க மாட்டாரு. நீ சொன்னதால நம்பிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

செய்தி ஆம்பூர் முழுக்கப் பரவியது. சின்னவன் புகையும், எரியும், ஃபேக்டரியே பற்றிக்கொள்ளும் என்று பேசிக்கொண்டார்கள். குணா ஏழெட்டு மாதம் தாக்குப்பிடித்தான். பிறகு கடையை மூடினான். பெரியவனின் ஆட்கள் எங்களுக்குச் சென்னையில் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். எனக்கு ஒரு டிராவல் பேக் பரிசு கொடுத்தார்கள். மேடையில் ரவீந்தர் கைதட்டச் சொன்னார், நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த ஃபோட்டோவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கிழிப்பதற்கு இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஷூ கம்பெனி அந்த ஏசி அறையைக் கட்டவில்லை. பெரியவனின் விலைக்குப் பிறகு அதற்குப் பணம் மிச்சமில்லை. ஒரு வருஷத்துக்குள் போர்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. ரிப்பேருக்கு என்னை அனுப்பினார்கள். ஷூ கம்பெனிக்குள் நுழைந்தால், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் குணா. கடையை மூடிவிட்டு அங்கேயே சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தான். நாங்கள் விற்ற நாற்பதும் அவன் பொறுப்பில். கறுத்த போர்டு ஒன்றை என் கையில் கொடுத்தான். "கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க மேடம்" என்றான். 'அக்கா' போய் 'மேடம்' வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். எல்லாரும் லேப்டாப் வாங்க ஆரம்பித்தார்கள். பெரியவனுக்கு எங்களைப் போன்ற கடைகள் தேவைப்படவில்லை. ரவீந்தர் வருவது நின்றது, ஃபோனையும் எடுக்கவில்லை. பெரியவனுக்காகத் தன் ஷெல்ஃபைக் காலி செய்த முதலாளி, கடையைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டோடு பெங்களூருக்குப் போனார். கைபேசி வந்தது, அதில் பெரியவன் இல்லை. போட்டியை மிரட்டியே ஜெயித்துப் பழகியவனுக்கு, மிரட்ட முடியாத இடத்தில் ஓடத் தெரியவில்லை. சின்னவன் வளர்ந்துவிட்டான். ஆனால் அவனைப் பற்றியும் எனக்கு மயக்கமில்லை. அன்றைக்குக் கெஞ்சிக்கொண்டு வந்த கம்பெனி, இன்றைக்குச் சின்னக் கடைக்காரனின் ஃபோனை எடுப்பதில்லை என்று கேள்வி.

ஷோரூமிலிருந்து வந்த அன்றைக்குச் சாயங்காலமே குணாவின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். ராணிப்பேட்டையில் தோல் வெட்டும் இயந்திரங்களுக்குச் சர்வீஸ் செய்கிறான். பெரியவன் விழுந்துவிட்டான் பார்த்தாயா என்றேன்.

"பாத்தேன். அவன் விழுந்தா எனக்கு இன்னா? என் கட திரும்பி வந்துடுமா?"

அன்றைக்கு நான் பொய் சொன்னேன், மன்னித்துவிடு என்றேன். இதைச் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

"மன்னிக்கறதெல்லாம் தெரிலக்கா. மறக்க முடில, அவ்ளோதான். ஃபோன் பண்ணு, பேசலாம்" என்றான். வைத்துவிட்டான்.

இப்போது வேலூரில் யாரும் துண்டுச்சீட்டோடு வந்து இதைப் போடு, அதைப் போடாதே என்று கேட்பதில்லை. மூடி ஒட்டி வருகிறது லேப்டாப். உள்ளே எவன் இருக்கிறான் என்று திறந்து பார்க்க முடியாது. எங்கள் தெருவில் இருந்த கம்ப்யூட்டர் கடைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆம்பூரில் பைபாஸ் ஓரம் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். போன வாரம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். குணாவின் கடை எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்க ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தேன். பஸ் ஆம்பூரைத் தாண்டிவிட்டது.