விளக்கில் கோளாறு இல்லை

ஐந்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துகொண்டோம். இரண்டு பேருக்கும் அதில் கவலை இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் செய்தவற்றைக் கேளுங்கள். யுத்தத்தால் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் சுற்றி, டைனமோவில் வானொலியைப் பேச வைத்தேன். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க என் வாசலில் நின்றுதான் செய்தி கேட்டது. பெற்றோல் கண்ணில் படாத காலத்தில் தோட்டத்து வாட்டர் பம்புகளை மண்ணெண்ணெயில் ஓட வைத்தேன். எரிந்துபோன மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் கடையைத் தகரக் கொட்டிலில் தொடங்கிக் கல்வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உடுவில், நல்லூர் என்று எத்தனையோ கோயில் வீதிகளில் திருவிழாவுக்கு நான் கட்டிய வெளிச்சத்தில் கீழே விழுந்த ஊசியைத் தேடி எடுக்கலாம். கடைசியாக, கூரையில் சோலர் பூட்டி, மின்வெட்டு என்றால் என்னவென்று தெரியாத வீடு ஒன்றில் இருக்கிறேன். ஒன்றையும் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்படிப்பட்ட நான், விரல் நுனியளவு பவளத் துண்டுக்கு முன்னால் கை கட்டிக் கதிரையில் இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

என் மருமகள், மகனின் மனைவி, கடலைப் பற்றிப் படிப்பவள். உயிருள்ள பவளம் எந்த அளவு வெளிச்சத்தில் நன்றாக வளரும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அனுமதி எடுத்துக் கடலில் இருந்து கொண்டுவந்த பதினெட்டுத் துண்டுகளைத் எங்கள் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்து அறை ஒன்றில், கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்த்தாள். இரண்டு வருட உழைப்பு. அந்தக் கட்டடத்தைத் திருத்த எடுத்தபோது தொட்டியை எங்கே வைப்பது என்று தவித்தாள். "இஞ்சை கொண்டா பிள்ளை, என்ரை வீட்டிலை கறண்ட் போகாது" என்று சொன்னவன் நான்தான்.

தொட்டிக்கு மேலே தொங்கவிட வெளிநாட்டு விளக்கு ஒன்று வேண்டும் என்றாள். படத்தைக் காட்டச் சொன்னேன். அலுமினியச் சட்டம், அதில் நீலமும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன எல்.ஈ.டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நீலத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்றாக இரண்டு திருகு, ஒரு சங்கிலி. அவ்வளவுதான். நாலு நாளில் செய்து பூட்டினேன். அவள் ஏதோ கருவியைத் தண்ணீருக்குள் விட்டு அளந்து பார்த்துவிட்டு, "கடையிலை வாங்கிறதை விட இது திறம், மாமா" என்றாள். அந்தச் சொல்லை இன்றைக்கும் மனதில் வைத்திருக்கிறேன்.

பிறகு மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிநாடு போனாள். மகனுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் நானும் மனைவியும்தான். போகமுதல் சங்கிலியில் விளக்குத் தொங்கும் கண்ணியில் சிவப்பு நூல் கட்டினாள். திருகு இரண்டிலும் நகப்பூச்சால் குறி வைத்தாள். காலை எட்டில் இருந்து மாலை நாலு வரை, அந்த உயரத்தில், அந்த அளவில். "இதை மட்டும் தொடாதேங்கோ மாமா. திரும்பி வரேக்கை இதுகள் இருந்தால்தான் எனக்குப் படிப்பு."

இரண்டு கிழமை, பதினாலு நாளும், சொன்னபடி இருந்தேன். ஒரு நாள், முந்தி என்னோடு கோயில் வெளிச்சத்துக்குப் போட்டி போட்ட ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார். "என்ன அண்ணை, வீதியைப் பகலாக்கின ஆள், சொந்த வீட்டிலை மம்மல் பொழுது மாதிரி வைச்சிருக்கிறியள். உள்ளுக்கை ஊத்தைக் கல்லு வேறை கிடக்குது."

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அது உள்ளே நின்றது.

பவளத்தை நான் முருகைக்கல்லாகத்தான் அறிந்திருந்தேன். பழைய வீடுகளின் சுவரில் இருக்கும், சுட்டால் சுண்ணாம்பாகும். நல்ல முருகைக்கல் வெள்ளையாக இருக்க வேண்டும். தொட்டிக்குள் கிடந்ததோ மண்ணிறம். வெளிச்சம் போதாமல் பாசி பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். நான் செய்த விளக்கு, அதன் வலு எனக்குத் தெரியாதா? சங்கிலியில் மூன்று கண்ணி இறக்கினேன். வெள்ளைத் திருகை முழுதாகத் திறந்தேன். மாலை ஏழு மணி வரை எரிய விட்டேன்.

பத்து நாளில் எல்லாம் வெளுத்தன. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. படம் எடுத்து அனுப்பி, குரலும் பதிந்தேன்: "பார் பிள்ளை, உன்ரை கல்லெல்லாம் பால் மாதிரி வந்திட்டுது."

உடனே போன் எடுத்தாள்.

"மாமா, லைட்டைக் கூட்டினீங்களோ?"

"ஓம், கொஞ்சம்."

எத்தனை கண்ணி இறக்கினேன், எத்தனை மணி வரை எரியவிட்டேன் என்று கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த மண்ணிறம் ஊத்தை இல்லையாம். பவளத்தின் தோலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசியாம். வெளிச்சத்தைக் கொண்டு பவளத்துக்குச் சாப்பாடு ஆக்கிப் போடுவது அதுதானாம். வெளிச்சம் அளவுக்கு மிஞ்சினால் பவளம் அதை வெளியே தள்ளிவிடும். நான் வெள்ளை என்று கொண்டாடியது, பட்டினி கிடக்கும் வெறும் எலும்பை.

விளக்கை ஒரேயடியாக நிற்பாட்டட்டோ என்று கேட்டேன். வேண்டாம், இருட்டும் கொல்லும் என்றாள். சிவப்பு நூலுக்கும் மேலே இரண்டு கண்ணி உயர்த்தி, வெள்ளையைக் காற்பங்காக்கி, நீலத்தைப் பாதியில் விடச் சொன்னாள். தண்ணீரை மாற்றட்டோ என்றேன், வேண்டாம். மருந்து ஏதும் உண்டோ என்றேன், இல்லை. கிழமைக்கு இரண்டு தரம் தான் வைத்துவிட்டுப் போன தூளில் ஒரு சிட்டிகை போட்டால் போதும் என்றாள்.

"வேறை என்ன செய்யிறது பிள்ளை?"

"ஒண்டும் செய்யாதேங்கோ மாமா. பாத்துக்கொண்டு இருங்கோ."

என் எழுபத்துச் சொச்ச வயதில் ஒருவரும் எனக்கு அப்படி ஒரு வேலை தந்ததில்லை. மோட்டர் எரிந்தால் மணக்கும். கழற்றினால் எந்தக் கம்பி கருகியது என்று கண்ணுக்குத் தெரியும். இது கத்தவுமில்லை, மணக்கவுமில்லை. ஒவ்வொரு காலையும் கதிரையைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். கிணற்று மோட்டருக்கு ஆள் வந்து கூப்பிட்டாலும் போகவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் கம்பி வெட்டும் குறட்டை எடுத்துத் துடைப்பேன், திரும்ப வைப்பேன். மனைவி குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, "ஊருக்கு வெளிச்சம் போட்டவர் இப்ப இருட்டுக்குக் காவல்" என்றாள்.

மூன்றாம் கிழமை ஒரு துண்டில் பச்சைச் சளி மாதிரிப் படர்ந்தது. செத்துவிட்டது என்றாள் மருமகள். பிறகு இரண்டு, பிறகு நாலு. ஒவ்வொரு முறையும் நானே படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. பதினொன்று போயிற்று.

ஐந்தாம் கிழமை, மிஞ்சியதில் ஒன்றின் அடியில் கடுகளவு மண்ணிறக் கறை. ஊத்தை என்று நினைத்து, பல்துலக்கும் தூரிகை ஒன்றை எடுத்து, முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டுவிட்டேன். தொடுவதற்கு ஒரு விரலளவு இருக்கும்போதுதான் மூளைக்கு எட்டியது. கையை எடுத்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் கண்ணிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. படம் போனது. "அதுதான் மாமா, பாசி திரும்பி வருகுது" என்றாள் மருமகள். "அதைத் தொடாதேங்கோ."

அவள் திரும்பி வந்தபோது ஏழு இருந்தன. தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தாள். எழும்பி, "சாப்பிட்டீங்களோ மாமா?" என்று கேட்டாள். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். புதுத் துண்டுகளுக்குத் திரும்ப அனுமதி, திரும்ப அளவெடுப்பு என்று அவளுக்கு இன்னும் ஒரு வருடம் போயிற்று. அதைப் பற்றி ஒரு சொல்லும் என்னிடம் கதைக்கவில்லை.

இப்போது ஆராய்ச்சியை எழுதி முடித்துவிட்டாள். விடுமுறைக்கு வந்த மகன் அதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினான். பதினொரு துண்டும் இறந்தது "விளக்கில் ஏற்பட்ட கோளாறினால்" என்று போட்டிருக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்களைக் குறை சொல்ல மனம் வரேல்லை, மாமா" என்றாள்.

மனம் நல்ல மனம்தான். ஆனால் என் விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. வைத்த அளவில் எரிந்தது, ஒரு நாளும் கண் சிமிட்டவில்லை, இன்றைக்கும் புதுத் துண்டுகளுக்கு மேலே அதுதான் எரிகிறது. பிழை விட்டது நான்.

அந்த ஆராய்ச்சிப் புத்தகம் இன்னும் கட்டவில்லை. கட்டமுதல் அந்த வரியை வெட்ட வேண்டும். என் பெயரைப் போட்டு மூன்று விஷயம் எழுத வேண்டும். விளக்கைச் செய்தவர் இவர். சங்கிலியை இறக்கியவரும் இவர். ஏழு துண்டுக்கு இரண்டு மாதம் காவல் இருந்தவரும் இவர். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.