படகுத்துறை மைக்செட்

“படகு நண்பர்களே! லைஃப் ஜாக்கெட் அழகுக்குப் போடுறதில்ல, ஆபத்துக்குப் போடுறது!”

ஞாயிறு காலை பத்து மணி என்றால், மைக்செட் கரையில் கட்டிய தன் படகில் மடக்கு நாற்காலியைப் போட்டு, வாக்கிடாக்கியை வாயருகே பிடித்து ஆரம்பித்துவிடுவார். ஏரியில் உல்லாசமாகச் சுற்றும் அத்தனை படகுகளும் கேட்டே தீர வேண்டும். மூன்று வருடமாக அவர் பேசுவது அவசரச் சேனலில்.

வாரத்தில் ஆறு நாள் திரைச்சீலைக் கடை முதலாளி. ஏழாம் நாள் படகுச் சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளர். அப்படி ஒரு பதவி சங்கத்தில் கிடையாது. அவரே உண்டாக்கி அவரே ஏற்றுக்கொண்டார். போட்டியின்றித் தேர்வு. துறையில் அவருக்கு வைத்த பெயர்தான் மைக்செட். கழுத்தில் கடையின் அளவு நாடா ஞாயிறன்றும் தொங்கும். கிளம்பும் படகுகளை மறித்து, அந்நியர்களின் ஜாக்கெட் பட்டையை அதைக்கொண்டு அளந்து பார்ப்பார். “ரெண்டு இஞ்சு லூஸ். முங்கினா கழண்டுடும்.”

பக்கத்துப் படகு என்னுடையது என்பதால், அவருடைய சொந்த ஏற்பாடுகளை அருகிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு. ஜாக்கெட்டுகள் வாங்கிய பாலிதீன் உறையோடு தொங்குகின்றன. “பிரிச்சா அழுக்காயிடும் சார்.” ஆபத்தில் வானத்தில் விடும் சிவப்பு வாணங்கள் காலாவதியாகி நாலு வருடம். “மாத்திரைக்குத்தான் சார் தேதி. நெருப்புக்கு ஏது?” படகைக் கட்டவிழ்த்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால், காற்று சரியில்லை என்பார். ஊருக்குத்தான் உபதேசம்.

அவர் மனைவி கரைப் படியில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பார். “வீட்ல நான் காது குடுக்கிறதில்ல. அதான் ஏரியைப் பிடிச்சுக்கிட்டாரு.”

வாக்கிடாக்கியில் ஒரு சங்கதி உண்டு. பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கும். ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் மற்றவர் குரல் எடுபடாது. கரையிலுள்ள மீட்பு அறையில் பணியிலிருக்கும் பெண் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். “ஐயா, இது அவசரத்துக்கு மட்டும்.” “பாதுகாப்பைவிட அவசரம் என்னம்மா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் இவர் மறுபடி அழுத்திவிடுவார்.

போன ஞாயிறும் அப்படித்தான். அன்றைய தலைப்பு, ஆபத்தில் எப்படி உதவி கேட்பது. “முதல்ல படகு நம்பர். அப்புறம் இடம். அப்புறம் எத்தனை பேரு. வளவளன்னு பேசக் கூடாது!” என்பதை இருபது நிமிடமாக வளவளவென்று விளக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கப் பட்டனை விட்டபோது இரண்டு முறை ஏதோ குரல் வெட்டி வெட்டிக் கேட்டது. “யாரோ குறுக்கே பேசுறாங்க. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்கப்பா,” என்று அதட்டிவிட்டுத் தொடர்ந்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது முறை, தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

“அப்பா, பட்டனை விடுங்கப்பா! படகுல தண்ணி ஏறுது!”

அவருடைய மகள். காலையில்தான் மாப்பிள்ளையோடு வாடகைப் படகில் அக்கரைப் பக்கம் போயிருந்தாள். அங்கே செல்போன் எடுக்காது; படகிலிருக்கும் வாக்கிடாக்கிதான் ஒரே வழி. மறுநொடி படகின் எண்ணைச் சொன்னாள். பாறைத் திட்டுக்குக் கிழக்கே என்றாள். ரெண்டு பேர், ஜாக்கெட் போட்டிருக்கோம் என்றாள். அவ்வளவுதான். மூன்று வருடச் சொற்பொழிவைக் காதில் வாங்கிய ஒரே ஆள் அவள்தான்.

மீட்புப் படகு சீறிக்கொண்டு கிளம்பியது. செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடிவந்த மனைவி அவர் பக்கத்தில் நின்றார். “என்னங்க சொன்னா? என்னங்க சொன்னா?” அவர் பாறைத் திட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று எழுந்த நான், அந்த முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு நிமிடம் சேனலில் ஒரு பேச்சும் இல்லை.

கடைசியில் மீட்பு அறைப் பெண் கூப்பிட்டார். “ரெண்டு பேரையும் ஏத்தியாச்சு. நல்லா இருக்காங்க. ஐயா, மக லைன்ல இருக்காங்க. நீங்க தாராளமாப் பேசலாம்.”

அவர் வாக்கிடாக்கியை மனைவியிடம் நீட்டினார். பிறகு பட்டன் அழுத்திப் பழகிய வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.